எத்தனை மேற்கோள், யாரோடு கூட்டு: ஆய்வாளர் அளவீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வாளர்களுக்கு மேற்கோள் அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் வேலை. பதவி உயர்வு, நிதி விண்ணப்பம் என்று வந்தால்தான் என் மேசைப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும். வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேற்கோள் எண்ணிக்கை என்பது சரியாக எதை எண்ணுகிறது?

வேறொரு கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்கள் கணக்கில் ஒன்று ஏறும். அந்தக் கட்டுரைக்குள் உங்களைப் பத்து இடத்தில் பேசியிருந்தாலும் ஒன்றுதான். போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் தொட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஒன்றுதான். பாராட்டும் ஒன்று, மறுப்பும் ஒன்று.

இந்த ஏற்பாடு ஆட்களை அளக்க வந்ததே இல்லை. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாண்டார்கள் என்று காட்டும் பட்டியல்கள் அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. அதைப் பார்த்துத்தான் யூஜீன் கார்ஃபீல்ட் 1955-ல் அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எழுதினார். 1964-ல் அவருடைய நிறுவனம் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்று அதை வெளியிட்டது. ஒரு கருத்து யார் யார் கைக்குப் போனது என்று தேடிப் பிடிக்கும் கருவி அது. அதையே தராசாக்கியது பின்னால் வந்தவர்கள்.

கூகுள் ஸ்காலரில் எனக்கு 640, ஸ்கோபஸில் 410, வெப் ஆஃப் சயின்ஸில் 350. எது சரி?

மூன்றுமே மேற்கோளை எண்ணித் தரும் தரவுத்தளங்கள், மூன்றும் சரி. மூன்றும் வேறு வேறு குளத்தில் வீசிய வலை.

வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோபஸும் எந்தெந்த ஆய்விதழ்களைச் சேர்ப்பது என்று ஆள் வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த வேலிக்குள் இருப்பவை உங்களை மேற்கோள் காட்டினால்தான் கணக்கில் வரும். கூகுள் ஸ்காலருக்கு அப்படி வேலி கிடையாது. முனைவர் பட்ட ஆய்வேடு, முன்னச்சு (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றும் கட்டுரை), மாநாட்டுத் தாள், புத்தகம் என்று ஆய்வுக் கட்டுரை மாதிரித் தெரிகிற எதையும் எந்திரம் பொறுக்கிக்கொள்ளும். அதனால் எண் பெரிதாக வரும், குப்பையும் கூடவே வரும். 2022-ல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளம் இலவசம். தரவு முழுவதையும் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். பரப்பும் பெரிது. சொந்தமாகக் கணக்குப் போட விரும்புகிறவர்களை நான் இப்போது அங்கேதான் அனுப்புகிறேன்.

நீங்கள் புத்தகம் எழுதும் துறையில் இருந்தாலோ, ஆங்கிலமல்லாத மொழியில் எழுதினாலோ, வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோபஸும் உங்களைக் குறைத்தே காட்டும். அது உங்கள் ஆய்வின் குறை இல்லை, வேலிக்கு வெளியே நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

எது எப்படியோ, எண்ணைச் சொல்லும்போது எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்காலரில் எடுத்த உங்கள் எண்ணைப் பக்கத்து அறைக்காரரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

எச்-இன்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது?

கையாலேயே போடலாம். கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். உதாரணத்துக்குப் பத்துக் கட்டுரைகள்: 48, 31, 17, 9, 7, 6, 6, 2, 1, 0. இப்போது மேலிருந்து 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் இருக்கிறது, சரி. ஏழாவதற்கு 7 வேண்டும், இருப்பதோ 6. அங்கே நிறுத்துங்கள். எச்-இன்டெக்ஸ் 6.

ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்தது இது. ஒரே எண்ணில் எழுதிய அளவும் கவனிக்கப்பட்ட அளவும் அடங்கியதால் காட்டுத்தீ போலப் பரவியது. ஆனால் மேலே உள்ள பட்டியலில் முதல் கட்டுரையின் 48-ஐ அழித்துவிட்டு 4,800 என்று எழுதிப் பாருங்கள். எச்-இன்டெக்ஸ் அப்போதும் 6 தான். உலகையே புரட்டிப்போட்ட ஒரு கட்டுரைக்கும் ஓரளவு படிக்கப்பட்ட ஒரு கட்டுரைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் லியோ எகே 2006-ல் ஜி-இன்டெக்ஸைக் கொண்டுவந்தார். குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளை எண்ணும் ஐ10-ஐ கூகுள் ஸ்காலர் காட்டுகிறது. நம் பட்டியலில் அது 3.

இன்னொன்று. எச்-இன்டெக்ஸ் தானாகக் குறையாது. ஆய்வை விட்டுவிட்டு ஓய்வில் இருப்பவருக்கும் ஏறிக்கொண்டே போகும். அறுபது வயதுக்காரரையும் முப்பது வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது வயதை ஒப்பிடுவது மாதிரி. ஹிர்ஷே 2020-ல், தன் கண்டுபிடிப்பு படுதோல்வி அடையவும் எதிர்பாராத தீங்கு செய்யவும் கூடும் என்று எழுதினார்.

எச்-இன்டெக்ஸ் எவ்வளவு இருந்தால் நல்லது?

ஹிர்ஷ் தன் கட்டுரையில் ஒரு கணக்குச் சொன்னார்: இருபது ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 20 இருந்தால் வெற்றிகரமான அறிவியலாளர், 40 என்றால் தலைசிறந்தவர், 60 என்றால் அபூர்வம். அவர் மனதில் வைத்துச் சொன்னது இயற்பியலாளர்களை. பலர் அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் எல்லாத் துறைக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கணிதக்காரரையும் உயிரியல்காரரையும் எப்படி ஒப்பிடுவது?

நேராக ஒப்பிட முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வுக் குழுக்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்.

கணிதக் கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியல் பொதுவாகச் சின்னது. உயிர்மருத்துவத்தில் பக்கம் பக்கமாகப் போகும். பட்டியல் நீளமான துறையில் மொத்த மேற்கோள் பணப்புழக்கமே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் பையிலும் கொஞ்சம் கூடுதலாக விழும். வேகமும் வேறு. ஒரு தேற்றம் பத்து ஆண்டு கழித்துக்கூடப் புதிதாகக் கண்டெடுக்கப்படும். சூடான உயிரியல் கட்டுரை இரண்டு மூன்று ஆண்டுக்குள் தன் உச்சத்தைத் தொட்டுவிடும்.

அதனால் துறைவாரியாகச் சமன்செய்கிறார்கள். அதே துறையில், அதே ஆண்டில், அதே வகைக் கட்டுரை உலக அளவில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றது என்று பார்த்து, அதால் உங்கள் எண்ணை வகுப்பது. எண்களைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், அந்தத் துறையின் சராசரி 4, விடை 3.0. உயிரணுவியல் கட்டுரைக்கு 40 மேற்கோள், சராசரி 50, விடை 0.8. வெறும் எண்ணில் 40 பெரிது. வகுத்துப் பார்த்தால் கணிதக்காரர் சராசரியைப் போல மூன்று மடங்கு, உயிரியல்காரர் சராசரிக்குச் சற்றுக் கீழே. ஸ்கோபஸ் தரும் துறை எடையிட்ட மேற்கோள் தாக்கம் இந்த வகைதான், அதில் 1.00 என்றால் உலகச் சராசரி.

சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. சராசரி என்பதே ஒரு பெரிய மீன் சிக்கினால் புரண்டுவிடும். ‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற இதழ் 2008-ல் ஷெல்எக்ஸ் என்ற படிகவியல் மென்பொருளின் வரலாற்றைச் சொல்லும் ஒரு கட்டுரையை வெளியிட்டது. அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிற எல்லாரும் அதை மேற்கோள் காட்டினார்கள். இதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் அண்மைக் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள், சுமார் 2-ஆக இருந்தது 2009-ல் 49-ஐத் தாண்டியது. அதை எழுதியவரின் பல்கலைக்கழகமான கோட்டிங்கன், பல்கலைக்கழகங்களை மேற்கோளை வைத்து வரிசைப்படுத்தும் லைடன் தரவரிசையின் சராசரிப் பட்டியலில் உலகில் இரண்டாம் இடத்துக்குப் போனது. ஒரே ஒரு கட்டுரை!

ஆகவே நான் சராசரியோடு விழுக்காட்டு நிலையையும் சேர்த்தே தருவேன்: இவருடைய 30 கட்டுரைகளில் எத்தனை, தத்தம் துறையின் முதல் 10 சதவீதத்துக்குள் வருகின்றன? ஒரு கட்டுரை எத்தனை ஆயிரம் மேற்கோள் வாங்கியிருந்தாலும் அங்கே ஒன்றாகத்தான் எண்ணப்படும். என்னைக் கேட்டால், துறை தாண்டி ஒப்பிட ஓரளவு நாணயமான வழி இதுதான்.

என் ஆய்வு இரண்டு துறைக்கு நடுவில் நிற்கிறது. எந்தத் துறையின் சராசரியால் வகுப்பார்கள்?

நல்ல கேள்வி, பலர் கேட்க மறப்பது. பெரும்பாலும் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கட்டுரை வந்த இதழ் எந்தத் துறைப் பெட்டியில் இருக்கிறதோ, அதுதான் உங்கள் துறை. வெப் ஆஃப் சயின்ஸில் சுமார் 250 பெட்டிகள். ஒரே இதழ் இரண்டு மூன்று பெட்டியில் இருப்பதும் உண்டு.

உங்கள் கட்டுரைக்கு 24 மேற்கோள் என்று வைப்போம். இதழ் இரண்டு பெட்டியில் இருக்கிறது. ஒன்றின் சராசரி 8, மற்றதின் சராசரி 24. இரண்டு சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்து 16 என்று எடுத்தால் உங்கள் மதிப்பு 1.5. தனித்தனியே வகுத்து 3.0, 1.0 என்று வந்ததைச் சராசரி எடுத்தால் 2.0. கட்டுரையும் அதே, மேற்கோளும் அதே, விடை மட்டும் இரண்டு. எந்த முறை என்பது அறிக்கையின் அடிக்குறிப்பில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும்.

இதைத் தவிர்க்க இதழை விட்டுவிட்டுக் கட்டுரையையே வகைப்படுத்தும் முயற்சிகள் உண்டு. ஓப்பன்அலெக்ஸ் ஒவ்வொரு கட்டுரையையும் சுமார் 4,500 தலைப்புகளில் பொருத்திப் பார்க்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் இன்னும் சுவாரசியமானது: உங்கள் கட்டுரையோடு சேர்ந்து யாரை எல்லாம் மேற்கோள் காட்டுகிறார்களோ, அவர்களே உங்கள் துறை. உன் நண்பனைக் காட்டு, நீ யார் என்று சொல்கிறேன் என்பது போல. ஆனால் அது பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரைகளுக்குத்தான்.

ஒருவருடைய ஆய்வு எவ்வளவு பல்துறை என்று அளக்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. அவர் யாரைப் படிக்கிறார் என்பதற்கு அவருடைய உசாத்துணைப் பட்டியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எத்தனை துறைகள், எந்த விகிதத்தில், அந்தத் துறைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று மூன்று விஷயம். ஆண்டி ஸ்டிர்லிங் 2007-ல் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிய சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது.

40 உசாத்துணையில் 30 இயற்பியல், 6 இயற்பிய வேதியியல், 4 பொருளறிவியல் என்று இருந்தால் மூன்று துறை என்று பெயர்தான். எல்லாம் ஒரே தெருவில் இருக்கும் வீடுகள். 14 கணிதம், 13 மருத்துவம், 13 சமூகவியல் என்று இருந்தால் அதுதான் உண்மையில் ஊர் தாண்டிய பயணம். அப்புறம், யாரை அவர் படித்தார் என்பதும் அவரை யார் படித்தார்கள் என்பதும் வேறு. பத்துத் துறையிலிருந்து எடுத்து ஒரே துறைக்காரர்களுக்கு எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

ஐந்து பேர் எழுதிய கட்டுரையின் மேற்கோள் யாருக்குச் சேரும்?

வழக்கமான கணக்கில் ஐந்து பேருக்கும் முழுதாகச் சேரும். 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் ஆய்வுக்கு 9, மீதி 24 பக்கமும் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்கும். அந்தக் கட்டுரைக்கு ஒரு மேற்கோள் விழுந்தால் 5,154 பேர் கணக்கில் ஒவ்வொன்று ஏறும்.

மாற்றாகப் பின்னக் கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. துறைகளை ஒப்பிடும்போது இதுதான் நியாயம் என்பது என் எண்ணம். குறை, எல்லாரும் சமமாக உழைத்தார்கள் என்று எடுத்துக்கொள்வது. பெயர் வரிசையைப் பார்த்தும் சொல்லிவிட முடியாது: கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசை, உயிர்மருத்துவத்தில் கடைசிப் பெயர்தான் ஆய்வகத் தலைவர். கணிதக்காரரிடம் போய் ‘நீங்கள் ஏன் எப்போதும் மூன்றாவதாக இருக்கிறீர்கள்’ என்று ஒரு தேர்வுக் குழுவில் கேட்டதாக ஒருவர் நொந்துபோய்ச் சொன்னார். அவர் பெயரின் முதலெழுத்து அப்படி! இப்போது பல இதழ்கள் யார் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்பாகப் பிரித்துக் கேட்கின்றன. அதை நிரப்பும்போது சோம்பல்படாதீர்கள்.

கூட்டாய்வை எப்படி அளப்பது? உடன் எழுதியவர்களை எண்ணினால் போதுமா?

போதாது. ஒருவருக்கு 60 கூட்டாசிரியர்கள், இன்னொருவருக்கு 9. முதலாமவர்தான் கூட்டாய்வுக்காரர் என்று சொல்லத் தோன்றும். பிரித்துப் பார்த்தபோது 60-ல் 45 பேர் ஒரே ஒரு பெரிய கட்டுரையில் வந்தவர்கள். அவர்களில் பாதிப்பேரை இவர் பார்த்ததுகூட இல்லை. இரண்டாமவர் அந்த ஒன்பது பேரோடு பன்னிரண்டு ஆண்டாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

மார்க் நியூமன் 2001-ல் இதற்கு எளிய எடை ஒன்றைச் சொன்னார். ஒரு கட்டுரையில் எத்தனை பேரோ, அதில் ஒன்றைக் கழித்து, அதால் ஒன்றை வகுங்கள். இருவர் எழுதியது என்றால் உறவின் எடை 1. ஐவர் என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் 0.25. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் யாரோடு உண்மையில் உட்கார்ந்து வேலை பார்த்தார் என்று தெரியவரும்.

அப்புறம் வரைபடம். ஆட்களைப் புள்ளியாகவும் சேர்ந்து எழுதியதைக் கோடாகவும் வரைவது. விஓஎஸ்வியூவர் என்ற இலவச மென்பொருள் போதும். அந்தப் படத்தில் நான் தேடுவது பெரிய புள்ளியை இல்லை. ஒரு புள்ளியை விரலால் மறைத்தால் இரண்டு கூட்டமும் தொடர்பற்றுப் போகிறதா என்று பார்ப்பேன். புள்ளியியல் கூட்டத்துக்கும் நோய்ப்பரவல் கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ஒற்றை ஆளுக்கு மேற்கோள் சுமாராகத்தான் இருக்கும். அவர் போய்விட்டால்தான் அருமை தெரியும்.

பால் ஏர்டிஷ் என்ற கணிதவியலாளர் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து சுமார் 1,500 கட்டுரை எழுதினார். அவரோடு எழுதியவருக்கு ஏர்டிஷ் எண் 1, அவர்களோடு எழுதியவருக்கு 2. ஐன்ஸ்டைனுக்கு 2. விளையாட்டுதான், பதவி உயர்வு விண்ணப்பத்தில் போடாதீர்கள். ஒருவர் போட்டார்.

நல்ல தாக்கக் காரணி உள்ள இதழில் வந்தால் என் கட்டுரையும் நல்ல கட்டுரைதானே?

இல்லை. 2024-ன் தாக்கக் காரணி என்பது, அந்த இதழ் 2022, 2023-ல் வெளியிட்டவற்றுக்கு 2024-ல் கிடைத்த மேற்கோளை அந்த இரண்டு ஆண்டின் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தது. அது இதழின் எண். மேலே சொன்ன படிகவியல் இதழில் அதே ஆண்டு வந்த மற்ற கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்று 2013-ல் வெளியான சான்பிரான்சிஸ்கோ அறிக்கை இதைத்தான் முதல் பரிந்துரையாகச் சொல்கிறது: ஆளை எடைபோட இதழின் எண்ணை எடுக்காதே.

இந்த எண்களை ஏமாற்ற முடியுமா?

பூனையால்கூட முடியும். 1975-ல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டார். தட்டச்சு முடிந்துவிட்டது, எல்லா இடத்திலும் மாற்றச் சோம்பல். தன் பூனையைக் கூட்டாசிரியராகச் சேர்த்தார். கட்டுரை வெளியானது. அது வேடிக்கை. 2024-ல் இரண்டு ஆய்வாளர்கள் லேரி என்ற பூனையின் பெயரில் 12 போலிக் கட்டுரைகளையும், அவற்றை மேற்கோள் காட்டும் இன்னும் சில போலிகளையும் இணையத்தில் ஏற்றினார்கள். கூகுள் ஸ்காலரில் பூனைக்கு எச்-இன்டெக்ஸ் 11. காசு வாங்கிக்கொண்டு மேற்கோள் ஏற்றித் தருகிறவர்கள் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டவே அதைச் செய்தார்கள்.

தன்மேற்கோள் வேறு விஷயம். முந்தைய ஆய்வின் தொடர்ச்சியை எழுதும்போது அதைச் சொல்லாமல் எப்படி? தன்மேற்கோளோடும் இல்லாமலும் என்று இரண்டு எண்ணையும் எடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி உங்கள் துறைக்காரர்களைவிட ரொம்பவே அதிகமாக இருந்தால் கேள்வி வரும்.

அதிக மேற்கோள் என்றால் சிறந்த ஆய்வு என்று சொல்லலாமா?

லௌரி குழு 1951-ல் எழுதிய புரத அளவீட்டு முறைக் கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. ஆய்வகத்தில் எல்லாரும் செய்கிற ஒரு வேலைக்கான செய்முறை அது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் மேற்கோள் குவிந்து கிடக்கிறது, பெரும்பாலும் மறுப்பதற்காக. மெண்டலின் பட்டாணிக் கட்டுரை 1866-ல் வந்தது, 1900 வரை கிட்டத்தட்ட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1880-ல் அவருக்கு மேற்கோள் அறிக்கை தயாரிக்க என்னிடம் வந்திருந்தால் அரைப் பக்கம்கூட நிரம்பியிருக்காது.

தரவுத்தளத்தில் என் பெயருக்கான பக்கத்தில் வேறு யாரோ எழுதிய கட்டுரைகள் இருக்கின்றனவே?

எழுதியவர் பெயர் உங்கள் பெயராக இருக்கும். மண் வேதியியல் ஆய்வாளர் ஒருவருக்கு அறிக்கை எடுத்தபோது, நடுவில் பல் பொருத்துதல் பற்றி 23 கட்டுரைகள். அவருக்கே தெரியாது, எண் நன்றாக ஏறுகிறது என்று சந்தோஷமாக இருந்தார். நீக்கியதும் எச்-இன்டெக்ஸ் 19-லிருந்து 14 ஆனது. முகம் வாடியது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். குடும்பப்பெயர் இல்லாமல் இனிஷியலோடு எழுதுகிறவர்கள் ஒரு கட்டுரையில் முன்னெழுத்து முன்னால், அடுத்ததில் பின்னால், மூன்றாவதில் விரித்து என்று எழுத, எந்திரம் அவர்களை மூன்று ஆட்களாக உடைத்துவிடும். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இலவசம், 16 இலக்கம், ஐந்து நிமிட வேலை. கட்டுரை அனுப்பும்போதெல்லாம் அதைக் கொடுங்கள். பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்.

குழுவுக்கு எதைக் கொடுப்பது?

நான் தருவது இரண்டு பக்கம். தரவுத்தளமும் தேதியும், முழுக் கணக்கிலும் பின்னக் கணக்கிலும் கட்டுரை எண்ணிக்கை, துறையின் முதல் 10 சதவீதத்தில் எத்தனை, தன்மேற்கோள் நீக்கிய எண், கூட்டாய்வுப் படம். இரண்டாம் பக்கத்தில் அவரே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளும், ஒவ்வொன்றையும் யார் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று நாலு வரியும். அந்த நாலு வரி எழுதத்தான் எல்லாரும் திணறுகிறார்கள்.

நேற்று இருந்த எச்-இன்டெக்ஸ் இன்று இரண்டு குறைந்திருக்கிறது. எப்படி?

தானாகக் குறையாது என்று மேலே சொன்னேன். தரவுத்தளத்தில் துடைப்பம் போட்டால் குறையும். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கியிருப்பார்கள், அல்லது உங்களை மேற்கோள் காட்டிய ஏதோ ஒரு தளத்தையே தூக்கியிருப்பார்கள். பட்டியலைத் திறந்து, எச் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள நாலைந்து கட்டுரைகளை மட்டும் பாருங்கள். பழைய பிரதி ஒன்று கைவசம் இருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால் இன்றைக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள், அடுத்த முறைக்கு ஆகும்.